சிவப்புப் புள்ளி இல்லாத கெண்டி

போன வாரம் மியூசியத்திலிருந்து வந்த கடிதத்தை நான்காய் மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்தாளே ஒட்டுக்காரி, அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. கடிதத்தை ஒளித்தால் மியூசியக்காரர்கள் வராமல் இருந்துவிடுவார்களா என்ன? அங்கேயே வேலை பார்க்கிற அவள் பெண்ணிடமும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். புதன்கிழமை, காலை பதினோரு மணி. இன்றைக்குத்தான் அந்தப் புதன்கிழமை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ஒட்டுக்காரியின் வீட்டுக்காரர் பழைய டீபாட் கடை வைத்திருக்கிறவர். டீபாட்டை அந்தக் கடையில் யாரும் டீபாட் என்று சொல்லமாட்டார்கள், கெண்டி என்றுதான் சொல்வார்கள். உடைந்து வரும் கெண்டிகளைப் பின்கட்டு அறையில் உட்கார்ந்து அவள் ஒட்டுவாள். ஒட்டிய கெண்டியின் அடியில் சிவப்பாக ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி இருந்தால் ஒட்டு இருக்கிறது, இல்லாவிட்டால் முழுசு. முப்பது வருஷமாகக் கடைக்கு நல்ல பேர் அதனால்தான்.

அவருக்குத் தொழிலில் காதுக்காரர் என்று பட்டப்பெயர். கெண்டியை உள்ளங்கையில் வைத்து, அதன் மூடியாலேயே கைப்பிடியில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். முழுசாக இருந்தால் கிண்ணென்று மணி மாதிரி கேட்கும். எங்கேயாவது விரிசலோ ஒட்டோ இருந்தால் சத்தம் செத்துப் போய்விடும். ஊரில் இருக்கிற மற்ற வியாபாரிகள்கூட சந்தேகம் வந்தால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

தட்டுவதற்கும் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். கெண்டி கடைக்குள் வரும்போது ஒரு தட்டு, கடையை விட்டுப் போகும்போது ஒரு தட்டு. நடுவில் தட்டவே மாட்டார்.

"நடுவுல தட்டினா பொண்டாட்டியைச் சந்தேகப்படுற மாதிரி" என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒட்டுக்காரி மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஏன் என்றால், மேல் தட்டில் தனியாக இருந்த, இன்றைக்கு மியூசியத்துக்குப் போகப்போகிற அந்தச் சின்னச் செம்மண் கெண்டியின் மூக்கு பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாலேயே உடைந்து போனது. உடைத்தது அப்போது ஐந்து வயதான அவர்கள் பெண். ஸ்டூல் போட்டு ஏறி, பொம்மைக்கு டீ கொடுக்கிறேன் என்று எடுத்துக் கீழே போட்டுவிட்டது. "அப்பாகிட்ட சொல்லாதம்மா, அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்று தாயின் காலைக் கட்டிக்கொண்டு அது அழுத அழுகையில் ஒட்டுக்காரிக்கு மனசு கரைந்துவிட்டது. அவர் வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் ஒட்டிவிட்டாள்.

எப்படி ஒட்டினாள் தெரியுமா? அதே நிறத்து ஓட்டாஞ்சில் ஒன்றை மாவாக அரைத்துப் பசையில் குழைத்து, மூக்கைப் பொருத்தி, அதன் மேல் தினமும் டீத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் துடைத்து. அவள் செய்த வேலையிலேயே அதுதான் சிறந்த வேலை. யாரிடமும் காட்ட முடியாத வேலையும் அதுதான். கடைசியில் சிவப்புப் புள்ளி வைக்கத் தூரிகையை எடுத்தவள், நாளைக்கு அவரிடம் சொல்லிவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று கீழே வைத்தாள். அந்த நாளை இன்னும் வரவில்லை.

காலையில் எழுந்ததும் ஒரு முயற்சி செய்து பார்த்தாள். அவர் மெல்லிய துணியால் அந்தக் கெண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டிவிடுகிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரில் போய் நின்றாள்.

"ஏங்க, இதைத்தான் கொடுக்கணுமா? அந்த வெள்ளைப் பீங்கான் ஒண்ணு இருக்கே, நீலப் பூ போட்டது. பாக்க அதுதானே எடுப்பா இருக்கும்."

"அதுல மூடி வேற கெண்டியோடது. உனக்குத் தெரியாதா?"

"அப்ப அந்த வெள்ளிக் கெண்டி?"

"அது அடி வாங்கினது. இங்க இருக்கிற அத்தனையிலயும் ஏதோ ஒரு குறை இருக்கு. குறையே இல்லாதது இது ஒண்ணுதான். பாப்பா வேலை பாக்குற இடம் வேற. ஓட்டையும் ஒட்டையும் தூக்கிக் கொடுக்க முடியுமா?"

பெண்ணுக்கு இருபத்து நாலு வயதாகிவிட்டது. மியூசியத்தில் பொருட்களைச் சோதித்துப் பார்க்கிற அறையில் வேலை. ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான்.

"காசுக்கா கொடுக்கிறேன்? சும்மா கொடுக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, பக்கத்துல என் பேரையும் எழுதப்போறாங்க. 'குறையில்லாதது என்று சோதித்துச் சொன்னவர்'னு. எனக்கு அது போதும்" என்றார் அவர்.

ஒட்டுக்காரி வாயைத் திறந்தாள். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம் இருந்தது அவளுக்கு. கடையை விட்டுப் போகும்போது ஒரு தட்டு உண்டே. அவர் தட்டுவார். சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அவர் திரும்பி, "இது என்ன?" என்று கேட்பார். கேட்டால் சொல்லிவிடலாம். தானாகச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாள். அவமானம்தான். ஆனால் வீட்டுக்குள் நடக்கிற அவமானம், கடை வாசலைத் தாண்டாது.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே மியூசியம் மேடம் வந்துவிட்டார். கையில் நோட்டு, மூக்குக் கண்ணாடி, காலைக் கடிக்கிற செருப்பு. பின்னாலேயே பஞ்சு அடைத்த பெட்டியுடன் பாப்பா. அலுவலக வேலையாக வந்திருக்கிறாள் அல்லவா, தாயைப் பார்த்து ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொண்டாள்.

"இங்க, எனக்கு நேரா உக்காருங்க மேடம்" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார் காதுக்காரர். இப்போதெல்லாம் யார் வந்தாலும் அப்படித்தான், நேர் எதிரே உட்கார வைத்துத்தான் பேசுவார்.

மேடம் கெண்டியைப் பார்த்தார். "இவ்வளவு சின்னதா இருக்கே. இதுல எத்தனை பேர் குடிக்க முடியும்?"

அவ்வளவுதான், காதுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றே காத்திருக்கிற மனுஷன்.

"ஆரம்பத்துல கெண்டியே கிடையாது மேடம். டீயைத் தூளாக்கிக் கிண்ணத்துல போட்டு, வெந்நீர் ஊத்தி, நுரை வர அடிச்சுக் குடிச்சாங்க. அப்புறம்தான் சீனாவுல இலையை அப்படியே ஊறவச்சுக் குடிக்கிற பழக்கம் வந்துச்சு. இலை வாய்க்குள்ள வரக்கூடாது, சூடும் ஆறக்கூடாது. அதுக்குன்னு பிறந்ததுதான் இது. ஆளுக்கு ஒரு கெண்டி, அவங்கவங்க கைக்கு அடங்கற மாதிரி."

"அப்புறம் எப்படிப் பெரிசாச்சு?"

"கப்பல் ஏறிச்சு. டீப் பெட்டியோட கெண்டியும் சேர்ந்து ஐரோப்பா போச்சு. அங்கே பாத்துட்டு அவங்களும் செஞ்சு பாத்தாங்க. வெந்நீர் பட்டதும் பல கெண்டி விரிசல் விட்டுச்சாம். அப்ப டீ இலைன்னா அங்க தங்கம் மாதிரி. பெட்டியில போட்டுப் பூட்டி, சாவியை வீட்டு எஜமானி இடுப்புல செருகிக்குவாங்க. இலை மலிவானப்புறம் கெண்டியும் வயிறு பெருத்துப் போச்சு."

மேடம் சிரித்துக்கொண்டே எழுதினார். "சரி, இதையெல்லாம் ஏன் இத்தனை பேர் தேடித் தேடி வாங்குறாங்க? எனக்கு அதுதான் புரியலை. பூ இல்ல, பொன் இல்ல, வெறும் மண்ணு."

காதுக்காரர் கெண்டியில் தண்ணீர் நிரப்பினார். கிண்ணத்தில் சாய்த்தார். கம்பி இழுத்தது போலத் தண்ணீர் விழுந்தது. மூடியின் மேல் இருந்த சின்ன ஓட்டையை விரலால் பொத்தினார். தண்ணீர் நின்றது. விரலை எடுத்தார், மறுபடி விழுந்தது. மேஜையில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"நூத்தைம்பது வருஷம் முன்னால ஒருத்தன் கையால வச்ச மூடி மேடம். இன்னும் காத்துப் போகலை. எனக்கு இதைக் கொடுத்தவர் ஒரு கப்பல் சமையல்காரர். பல் குத்துற குச்சி போட்டு வச்சிருந்தார். நான் கடை திறந்த அன்னைக்கு முதல்ல உள்ள வந்த கெண்டி இதுதான்."

தண்ணீர் ஒட்டின் வழியாகத்தான் போனது. ஒட்டுக்காரி பின்கட்டு வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துளிகூடக் கசியவில்லை. தன் கை வேலையைத் தானே சபிக்கவேண்டிய நிலை எந்தத் தொழிலாளிக்கும் வரக்கூடாது.

கெண்டியைத் துடைத்து உள்ளங்கையில் வைத்தார். மூடியைக் கையில் எடுத்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்து, "நீ கொஞ்சம் இங்க வந்து நில்லேன்" என்றார்.

இதுவும் வழக்கம்தான். இரண்டு வருஷமாக எந்தக் கெண்டியைத் தட்டினாலும் அவளைக் கூப்பிட்டு எதிரே நிறுத்திக்கொள்வார். "முதலாளியம்மா வராம முதலாளிக்குக் கை ஓடாது" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். இந்த வயசில் இவ்வளவு ஆசையா என்று அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை.

வந்து நின்றாள். இதோ தட்டப்போகிறார், இதோ தெரிந்துவிடப்போகிறது. மேடம் முன்னால், பெற்ற பெண் முன்னால் அழுது தொலைத்துவிடக் கூடாது. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள்.

தட்டினார்.

டொக்.

மரப்பலகையைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். கிண் இல்லை, அதன் நிழல்கூட இல்லை. தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

காதுக்காரர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். ஒரு விநாடி பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"சுத்தம். பொட்டுக் குறை கிடையாது" என்றார்.

இவர் என்ன சொல்கிறார்? மேடமோ, "எனக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணுதான் சார், நீங்க சொன்னா சரி" என்று காகிதத்தை நீட்டினார். காதுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக, அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவள் இந்தக் கடையில் வளர்ந்தவள். எழுத்துப் படிப்பதற்கு முன்னால் சத்தம் படித்தவள். பெட்டியைத் திறந்து பிடித்தபடி முதலில் அப்பாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

மேடம் காரில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பாப்பா பேனாவை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்தாள். வாசல் கதவு மறைவில் தாயின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அந்தச் சத்தம்."

"என்ன சத்தம்?"

"என்கிட்ட வேண்டாம்மா. கட்டை மாதிரி இருந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு, உனக்கும் கேட்டுச்சு. அப்பாவுக்கு எப்படிக் கேக்கலை?"

அந்தக் கேள்வியில்தான் ஒட்டுக்காரிக்கு எல்லாம் சேர்ந்து விளங்கியது. எதிரே உட்கார வைத்துப் பேசுவது. போன் வந்தால் "நீயே பேசிடு" என்பது. பின்னாலிருந்து கூப்பிட்டால் பதில் வராதது. ஏதோ கடை யோசனை என்று நினைத்திருந்தாளே பாவி.

"அப்பாவுக்குக் காது போயிடுச்சாம்மா?"

ஒட்டுக்காரி திரும்பிக் கடைக்குள் அவரைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை மியூசியத்துல எல்லாரும் பாக்க இதை நீல விளக்குக்குக் கீழ வைப்பாங்க. பசை இருந்தா பளபளன்னு காட்டிடும். கையெழுத்துப் போட்டது எங்கப்பா, விளக்குப் பிடிக்கிறது நான். ஒண்ணு எங்கப்பா பொய் சொன்னார்னு சொல்லணும், இல்ல அவருக்குக் காது கேக்காதுன்னு சொல்லணும். நான் எதைம்மா சொல்லுவேன்?"

"பாப்பா..."

"யாரு ஒட்டினாங்கன்னு தெரிஞ்சாலாவது ஏதாவது பண்ணலாம். கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே உடைஞ்சிருக்குமோ? அப்பாவை எவனோ ஏமாத்திட்டான்."

உடைத்தது நீதாண்டி கண்ணே, ஒட்டினது நான்தான் என்று எப்படிச் சொல்வது? ஐந்து வயதில் காலைக் கட்டிக்கொண்டு அழுத குழந்தை எல்லாவற்றையும் மறந்துவிட்டு, வளர்ந்து எதிரே நிற்கிறது. எவனோ ஒருவனைத் திட்டுகிறது.

காரில் ஹாரன் அடித்தார்கள். "நான் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க மாட்டேன். இன்னைக்கே தனியா வச்சுப் பாத்துட்டு உனக்குப் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் பாப்பா ஓடினாள்.

கொஞ்சம் நில்லுங்க என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். கார் நின்றிருக்கும். ஒட்டுக்காரியால் கையைக்கூடத் தூக்க முடியவில்லை. கார் தெருமுனையில் திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே வந்தபோது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு மேல் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷமும் அதற்கு முன்னாலும் கெண்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் இருந்தது.

அவள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். எங்கிருந்து தைரியம் வந்ததோ, அந்த முதுகைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க, அதுல ஒட்டு இருக்கு. பாப்பா சின்னப் பிள்ளையில உடைச்சுட்டா. நான்தான் ஒட்டினேன். புள்ளி வைக்கலை. பயந்துகிட்டுச் சொல்லலை. தினமும் சொல்லணும்னு நினைப்பேன். என்னை என்ன வேணா பண்ணுங்க, இப்பவே போன் பண்ணி அதைத் திருப்பிக் கேளுங்க."

துணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. மெல்ல எதையோ முனகிக்கொண்டே துடைத்தார். ஒரு வார்த்தை அவருக்குப் போய்ச் சேரவில்லை.

சற்றுக் கழித்துத் தானாகத் திரும்பியவர் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டார். "நீ எப்ப வந்தே? ஏன் இப்படி நிக்கிறே? இங்க வா, உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

எதிர் நாற்காலியில் அவளை உட்கார வைத்தார். கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எனக்குக் காது சரியா இல்ல" என்றார். "ரெண்டு வருஷமாச்சு. நேரா இருந்து பேசினா புரியுது. அந்தக் கிண்ணுங்கிற சத்தம் மட்டும் சுத்தமா போயிடுச்சு. டாக்டர்கிட்ட போனேன், அது திரும்ப வராதுன்னுட்டார். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்துட்டேன். காதுக்காரன்னு பேர் வாங்கிட்டு, காது இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"அப்ப இத்தனை நாளா எப்படித் தட்டினீங்க? எல்லாம் சரியாத்தானே சொன்னீங்க?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் உதட்டைப் பார்த்து அவர் புரிந்துகொண்டார்.

"நான் எங்க கேட்டேன்? தட்டிட்டு உன்னைப் பாப்பேன். ஒட்டு இருந்தா உன் இடது புருவம் லேசா ஏறும். உனக்கே தெரியாது அது. இத்தனை வருஷமா உடைஞ்சதைக் கேட்டுக் கேட்டு உன் முகத்துக்கே பழகிப் போச்சு. ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்புனதில்ல. அதான் உன்னைக் கூப்பிட்டு நிறுத்திக்கிறது."

ஆசை என்று நினைத்திருந்தாளே, அது இதுதான். அவளுக்கு வருத்தம் வரவில்லை. இவ்வளவு நம்பினாரா என்றுதான் இருந்தது.

"இன்னைக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பயம்தான்" என்று சிரித்தார் அவர். "மியூசியம், கையெழுத்து, பாப்பா வேற பாத்துக்கிட்டு நிக்கிறா. தட்டிட்டு உன்னைப் பாத்தேன். முகம் அப்படியே அசையாம இருந்துச்சு. என் காதே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன் கையெழுத்தை."

சொல்லி முடித்துவிட்டு, வழக்கம்போல அவள் முகத்தைப் பார்த்தார்.

காலையில் கல்லாக வைத்திருந்த முகம். இப்போது அவளால் அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. இடது புருவம் தானாக மேலே போவது அவளுக்கே தெரிந்தது.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. கையில் இருந்த துணி கீழே விழுந்தது. அந்தப் புருவத்தையே பார்த்தார்.

"எது?" என்று கேட்டார். "இன்னைக்குப் போனதா?"

முன்கடையில் போன் அடிக்க ஆரம்பித்தது. பாப்பாவாகத்தான் இருக்கும். அவர் அவள் உதட்டையே பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார். மணி விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் கேட்டது.